நடுவில் ஆள் வேண்டாம்: ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்களின் எழுத்தில் கடவுளும் ‘நானும்’

டோனி மாரிசன், ஆலிஸ் வாக்கர் நாவல்களைப் படித்துவிட்டு ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: “எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் பைபிளும் பிரசங்கமும் ஜெபமும் வருகின்றன. அடிமைப்படுத்தியவர்கள் கொடுத்த மதம்தானே அது? இவர்கள் ஏன் அதை உதறவில்லை? மதம் ‘நான்’ என்பதைக் கரைக்கச் சொல்கிறது. இவர்களோ ‘நான் யார்’ என்று தேடுகிறார்கள். இரண்டும் எப்படி ஒத்துப்போகும்?”

சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொடுத்தவர்கள் கொடுத்தபடியே அந்த மதத்தை இவர்கள் வாங்கிக்கொண்டதில்லை. கடவுளுக்கும் தங்களுக்கும் நடுவில் நின்றவர்களை ஒவ்வொருவராக விலக்கினார்கள். முதலில் எஜமான், அடுத்து வெள்ளைப் பாதிரியார், அதற்கும் அடுத்து தங்கள் இனத்தையே சேர்ந்த போதகர், அண்ணன், கணவன். கடவுளிடம் நானே பேசுவேன், அவர் சொல்வதை நானே கேட்டுக்கொள்வேன் என்று நின்ற இடத்தில்தான் அந்த ‘நான்’ பிறந்தது. அப்படி நேருக்கு நேர் நின்றபோது கடவுளின் உருவமும் பழையபடி இருக்கவில்லை. இருநூறு ஆண்டு எழுத்தை இந்த ஒரு இழையைப் பிடித்துக்கொண்டு படிக்கலாம் என்பது என் துணிபு.

உங்கள் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது, அதை இந்தப் பெண்களே உங்களுக்கு முன்னால் எழுதிவிட்டார்கள். ஹேரியட் ஜேக்கப்ஸ் வட கரோலினாவின் ஈடன்டன் ஊரில் அடிமையாகப் பிறந்தவர். எஜமானிடமிருந்து தப்பி, பாட்டி வீட்டுக் கூரைக்கடியில் ஒன்பதடி நீளம், ஏழடி அகலம், மிக உயர்ந்த இடத்தில் மூன்றடி உயரமே உள்ள ஒரு பொந்தில் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் ஒளிந்திருந்தார். தன் வரலாற்றை லிண்டா பிரென்ட் என்ற புனைபெயரில் 1861-இல் வெளியிட்டார். அதில் திருச்சபையும் அடிமை முறையும் பற்றி ஒரு தனி அத்தியாயமே உண்டு. 1831-இல் வர்ஜீனியாவில் நாட் டர்னர் என்ற அடிமையின் தலைமையில் கலகம் வெடித்த பிறகு, அடிமைகள் எஜமானர்களைக் கொல்லாமல் இருக்கும் அளவுக்காவது அவர்களுக்கு மதபோதனை கொடுக்க வேண்டும் என்று எஜமானர்கள் முடிவுகட்டினார்களாம். ஒரு பாதிரியார் வந்து எபேசியர் ஆறாம் அதிகாரத்தை எடுத்துப் பிரசங்கம் செய்கிறார்: வேலைக்காரரே, உங்கள் எஜமான்களுக்குக் கீழ்ப்படியுங்கள்.

அதே அத்தியாயத்தில் இன்னொரு காட்சி. ஜேக்கப்ஸைப் பதின்ம வயதிலிருந்தே துரத்திக்கொண்டிருந்த எஜமான் (நூலில் டாக்டர் ஃபிளின்ட் என்று பெயர்) புதிதாகத் திருச்சபையில் சேர்ந்திருக்கிறார். சேர்ந்த பிறகு தொல்லை இன்னும் கூடியது என்கிறார் ஜேக்கப்ஸ். நான் சொல்வதைச் செய், எனக்கு உண்மையாக இரு, அப்போது நீயும் என் மனைவியைப் போலவே ஒழுக்கமுள்ளவள்தான் என்கிறார் அந்த ஆள். அந்தப் பெண் ஒரே வரியில் பதில் சொல்கிறாள்: பைபிள் அப்படிச் சொல்லவில்லையே. கோபத்தில் அவருக்குத் தொண்டை கட்டிப்போகிறது. உன் பாழாய்ப்போன பைபிளைப் பற்றி எனக்கே போதிக்கிறாயா, என் அடிமையான உனக்குப் பிடித்தது, பிடிக்காதது பற்றிப் பேச என்ன உரிமை என்று கத்துகிறார். இந்த இடத்தில் சற்று நின்று கவனியுங்கள். அவரை ஆத்திரப்படுத்தியது அவள் மறுத்தது மட்டுமில்லை. தனக்கு மேலே இருக்கும் ஒரு அதிகாரத்தை அவள் நேரடியாக எடுத்துக் காட்டுகிறாள். சட்டப்படி அவருடைய உடைமையாக இருந்தவள், அவருக்கு எட்டாத ஒரு நீதிமன்றத்தில் வழக்காடிக்கொண்டிருக்கிறாள். ‘உனக்கு என்ன உரிமை’ என்று அவர் கேட்பதன் காரணம் அதுதான்.

எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்ற தேர்வு எழுத்தறிவில்லாத பெண்களிடமும் இருந்தது. ஹோவர்ட் தர்மன் என்ற கறுப்பின இறையியலாளர் 1949-இல் எழுதிய நூலில் தன்னை வளர்த்த பாட்டியைப் பற்றிச் சொல்கிறார். பாட்டி உள்நாட்டுப் போர் முடியும்வரை ஃப்ளோரிடாவில் அடிமையாக இருந்தவர். படிக்கத் தெரியாது. பேரன்தான் வாசித்துக் காட்ட வேண்டும். சங்கீதங்கள் கேட்பார், ஏசாயா கேட்பார், சுவிசேஷங்களைத் திரும்பத் திரும்பக் கேட்பார். பைபிளில் உள்ள பவுலின் நிருபங்களை (கடிதங்களை) மட்டும் வாசிக்க விடமாட்டார். எப்போதாவது அன்பைப் பற்றிய 1 கொரிந்தியர் 13 மட்டும் விதிவிலக்கு. பேரன் கல்லூரிக்குப் போன பிறகுதான் துணிந்து காரணம் கேட்டார். எஜமானின் பாதிரியார் ஆண்டுக்கு மூன்று நான்கு முறையாவது பவுலை எடுத்துத்தான் ‘அடிமைகளே, கீழ்ப்படியுங்கள்’ என்று பிரசங்கிப்பார்; என்றாவது நான் படிக்கக் கற்றுக்கொண்டால், என்றாவது விடுதலை வந்தால், பைபிளின் அந்தப் பகுதியைப் படிக்கவே மாட்டேன் என்று என்னைப் படைத்தவருக்கு வாக்குக் கொடுத்தேன் என்றார் பாட்டி. வேதத்தின் ஒரு பகுதியைத் தள்ளும் வாக்குறுதியை அவர் கொடுத்தது வேதத்தின் கடவுளிடமே. நீங்கள் கேட்ட ‘ஏன் உதறவில்லை’ என்பதற்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியவில்லை.

இனி நான் மிக முக்கியமாக நினைக்கும் ஒருவரிடம் வருகிறேன். ரெபெக்கா காக்ஸ் ஜாக்சன். 1795-இல் பிறந்தவர், அடிமையல்லாத கறுப்பினப் பெண், ஃபிலடெல்ஃபியாவில் தையல் வேலை செய்தவர். மனைவியை இழந்த அண்ணனின் வீட்டில் கணவனோடு இருந்துகொண்டு, அண்ணன் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு வாழ்ந்தார். அண்ணன் ஜோசஃப் காக்ஸ், ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் திருச்சபையில் பெயரெடுத்த போதகர். 1830-இல் ஓர் இடிமழையின்போது ரெபெக்காவுக்கு மனந்திரும்புதல் அனுபவம் உண்டாகிறது. ஆனால் எழுதப் படிக்கத் தெரியாது. கற்றுக்கொடு என்று அண்ணனைக் கேட்கிறார். அவரோ வேலை முடிந்து களைத்து வருகிறவர்; அது நடக்கிற காரியமாக இல்லை. அதனால் தன் கடிதங்களை அவரிடம் சொல்லி எழுதவைக்கிறார். எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னால், தான் சொல்லாததும் அதில் இருக்கிறது. அப்போது அவர் அண்ணனிடம் சொன்னது: என் கடிதத்துக்கு நீ வார்த்தை போட வேண்டாம், நான் சொல்வதை எழுதினால் போதும். அண்ணனுக்கு எரிச்சல். உனக்கு எழுதுவதைப்போலக் கஷ்டம் யாருக்கு எழுதுவதிலும் இல்லை என்கிறார். அந்தச் சொல் தங்கையின் நெஞ்சில் ஈட்டியாய் இறங்கியது.

பிறகு ஒருநாள், அவசரமாக ஓர் உடையைத் தைத்து முடித்துக்கொண்டே ஜெபத்தில் இருக்கிறார். உள்ளே ஒரு குரல் கேட்கிறது: பூமியில் முதல் மனிதனுக்குக் கற்றுக்கொடுத்தது யார்? கடவுள்தான். அவர் மாறாதவர் என்றால் உனக்கும் கற்றுக்கொடுக்க முடியுமே. தையலை அப்படியே போட்டுவிட்டு பைபிளை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடுகிறார். திறந்து, மண்டியிட்டு, நெஞ்சோடு அழுத்திக்கொண்டு ஜெபிக்கிறார். கண் விழித்துப் பார்த்தால் எழுத்து புரிகிறது. கீழே வந்து கணவனிடம் சொன்னால், உனக்குப் பைத்தியம் பிடிக்கிறது என்கிறான். உட்கார்ந்து யாக்கோபு நிருபத்தை அவனுக்கே வாசித்துக் காட்டுகிறார். அண்ணனும் முதலில் நம்பவில்லை. பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்டு மனப்பாடம் பண்ணியிருப்பாள் என்கிறார்.

அற்புதமா, பல காலம் காதால் கேட்டுப் பழகியது ஒரு கணத்தில் கைகூடியதா என்ற கேள்விக்குள் நான் போகவில்லை. எனக்கு முக்கியம் அந்தக் கடிதம். ஒரு பெண் சொன்னதற்கு ஓர் ஆண் தன் வார்த்தையைப் போடுகிறான், அவன் கெட்டவனில்லை, சொந்த அண்ணன், ஊர் மதிக்கும் போதகர். அப்படியிருந்தும் அவள் அதைப் பொறுக்கவில்லை. தன் வார்த்தை தன் வார்த்தையாகவே போய்ச் சேர வேண்டும். அதற்கு உதவிக்கு வந்தது கடவுள் ஒருவரே. பின்னாளில் ரெபெக்கா திருமண வாழ்வைத் துறந்தார், ஊர் ஊராகப் பிரசங்கித்தார், கடவுளுக்கு ஆண் தன்மையும் பெண் தன்மையும் உண்டு என்று நம்பிய ஷேக்கர் சமூகத்தில் சேர்ந்தார், ரெபெக்கா பெரட் என்ற தோழியோடு ஃபிலடெல்ஃபியாவில் ஒரு ஷேக்கர் குழுவையும் நடத்தினார். 1871-இல் இறந்தார். அவர் எழுதிவைத்தவை நூலாக வந்தது 1981-இல்தான். அதற்கு மதிப்புரை எழுதியவர்களில் ஒருவர் ஆலிஸ் வாக்கர்.

சோஜர்னர் ட்ரூத்துக்கும் இதே சிக்கல், அவர் கண்ட வழி வேறு. நியூயார்க் மாநிலத்தில் டச்சு மொழி பேசும் வீடுகளில் அடிமையாக வளர்ந்த இசபெல்லா, 1843-இல் தனக்குத் தானே அந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் பேசக் கிளம்பினார். கடைசிவரை எழுதப் படிக்கத் தெரியாது. பைபிளைப் பெரியவர்களை வாசிக்கச் சொன்னால், ஒரு வசனத்தை இன்னொரு முறை வாசியுங்கள் என்றதுமே விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள். அதனால் பெரியவர்களை விட்டுவிட்டுக் குழந்தைகளை வாசிக்கவைத்தார். குழந்தைகள் எத்தனை முறை கேட்டாலும் அதே வரியை வாசிப்பார்கள், வியாக்கியானம் செய்யமாட்டார்கள். 1850-இல் வெளிவந்த அவரது வரலாற்றில் உள்ள செய்தி இது. 1851-இல் ஓஹையோவின் ஆக்ரன் நகரில் அவர் பேசிய பேச்சு புகழ்பெற்றது. ‘நான் பெண்ணில்லையா’ என்று திரும்பத் திரும்ப வரும் வடிவம் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து இன்னொருவர் எழுதியது, அன்றைய பத்திரிகைக் குறிப்பில் அந்தத் தொடரே இல்லை. ஆனால் அந்தக் குறிப்பில் இது இருக்கிறது: இயேசு உலகத்துக்கு எப்படி வந்தார்? படைத்த கடவுளாலும் பெற்ற பெண்ணாலும். ஆணே, இதில் உன் பங்கு எங்கே?

போதகரையே எதிர்கொண்டவர் ஜரீனா லீ. 1783-இல் நியூ ஜெர்ஸியின் கேப் மே ஊரில் பிறந்து, ஏழு வயதில் வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்டவர். ‘போய்ப் பிரசங்கம் செய்’ என்ற குரல் கேட்டு ரிச்சர்ட் ஆலனிடம் போகிறார். யார் இந்த ஆலன்? ஃபிலடெல்ஃபியாவில் வெள்ளையர் தேவாலயத்தில் முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்த கறுப்பினத்தவரை இழுத்து எழுப்பியபோது வெளிநடப்புச் செய்தவர்களில் ஒருவர். பிறகு 1816-இல் கறுப்பின மக்களுக்கென்று ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் திருச்சபையை நிறுவியவர். அவரே லீயிடம் நம் ஒழுங்குமுறையில் பெண் பிரசங்கிகளுக்கு இடமில்லை என்கிறார். லீ திரும்பிப் போகிறார், திருமணம் செய்கிறார், கணவரை இழக்கிறார், கையில் இரண்டு குழந்தைகள். சுமார் எட்டு ஆண்டுகள் கழித்து ஒருநாள் ஆலனின் பெத்தேல் ஆலயத்தில் ஒரு போதகர் யோனாவின் கதையிலிருந்து வசனம் எடுத்துப் பிரசங்கிக்கிறார், நடுவில் ஆவி அடங்கினாற்போல் தடுமாறுகிறார். லீ எழுந்துவிடுகிறார். நானும் யோனா மாதிரிதான், கடவுள் அனுப்பிய வேலைக்குப் போகாமல் இத்தனை காலம் தாமதித்தேன் என்று அதே வசனத்திலிருந்து பேசி முடிக்கிறார். சபையை விட்டு நீக்கிவிடுவார்கள் என்று பயந்து உட்கார்ந்தால், பேராயர் ஆலன் எழுந்து நின்று, இந்தப் பெண் எட்டு ஆண்டுக்கு முன் என்னிடம் அனுமதி கேட்டாள், மற்ற போதகர்களைப் போலவே இவளும் அழைக்கப்பட்டவள் என்று இப்போது நம்புகிறேன் என்கிறார்.

1836-இல் லீ சொந்தச் செலவில் அச்சிட்ட நூலில் அவருடைய வாதம் இப்படிப் போகிறது: மீட்பர் ஆணுக்காக மரித்ததால் ஆண் பிரசங்கிக்கலாம் என்றால், பெண்ணுக்காகவும் மரித்தாரே, பெண் ஏன் கூடாது? அவர் முழு மீட்பரா, பாதி மீட்பரா? உயிர்த்தெழுந்தவரை முதலில் அறிவித்தவள் மகதலேனா மரியாள் இல்லையா? தர்க்கம் எவ்வளவு நறுக்கென்று இருக்கிறது பாருங்கள். நூலை விரிவாக்கி மறுபடி கொண்டுவர நினைத்தபோது திருச்சபையின் வெளியீட்டுக் குழு கைகொடுக்கவில்லை. 1849-இல் அதையும் தானே அச்சிட்டார். அந்தத் திருச்சபைக்கு முதல் பெண் பேராயர் கிடைத்தது 2000-இல். லீயை, இறந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகு, 2016-இல் குருவாக அபிஷேகம் செய்தார்கள்.

மதம் ‘நான்’ என்பதைக் கரைக்கும் என்றீர்களே, அது இந்த வகை எழுத்தில் ஏன் வேறு மாதிரி வேலை செய்தது என்பதை இங்கேதான் பார்க்க வேண்டும். ஜான் வெஸ்லியின் மெதடிஸ்ட் மரபில் ஒருவர் தன் பாவத்தை உணர்வது, மன்னிப்புப் பெறுவது, அதற்கு மேல் முழுமையாகப் பரிசுத்தமாக்கப்படுவது என்று படிகள் உண்டு. ஒவ்வொரு படிக்கும் சாட்சி அவரவர் உள்ளனுபவமே. படிப்பு வேண்டாம், பட்டம் வேண்டாம், குடும்பப் பெயர் வேண்டாம். ‘எனக்கு இப்படி நடந்தது’ என்று சபையில் எழுந்து சொன்னால் அது சாட்சியாகும். சொத்து இல்லாத, ஓட்டு இல்லாத, தன் பெயரில் வழக்குப் போடுவதே அரிதான ஒரு பெண்ணுக்கு, ‘நான்’ என்று தொடங்கும் வாக்கியத்தைப் பலர் முன் சொல்லக் கிடைத்த ஒரே இடம் அது. கரைக்க வேண்டுமானால் முதலில் ஒரு ‘நான்’ இருக்க வேண்டுமே. சட்டம் மறுத்த அந்த ‘நானை’ ஜெபக்கூட்டம் கொடுத்தது. ஜில்ஃபா ஈலா, ஜூலியா ஃபூட் என்று இன்னும் சிலர் இதே வடிவில் எழுதியிருக்கிறார்கள். ஃபூட்டைப் பிரசங்கித்ததற்காகவே அவர் போதகர் சபையை விட்டு நீக்கினார்.

20-ஆம் நூற்றாண்டில் நாவல் வந்ததும் காட்சி சிக்கலாகிறது. நம்பிக்கை பெண்ணை விழுங்குவதையும் எழுதினார்கள். நெல்லா லார்சனின் ‘குவிக்ஸாண்ட்’ (‘புதைமணல்’, 1928) அப்படிப்பட்டது. நகரத்தில் எங்கும் ஒட்ட முடியாத ஹெல்கா கிரேன், மழையிலிருந்து ஒதுங்க நுழைந்த ஒரு சிறிய ஜெபவீட்டில் உணர்ச்சிப் பெருக்கில் மனம் மாறி, அங்கே வந்திருந்த போதகரைக் கட்டிக்கொண்டு அலபாமா கிராமத்துக்குப் போகிறாள். வரிசையாகப் பிரசவங்கள். உடல் ஒடிகிறது, நம்பிக்கை போகிறது, எழுந்து போக வழியில்லை. அடுத்த குழந்தையோடு நாவல் முடிகிறது. விசுவாசத்தால் விடுதலை என்று எல்லாவற்றையும் ஒரே நிறத்தில் பூசிவிடுபவர்கள் இந்த நாவலைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அது சரியில்லை. ஹெல்காவுக்கும் கடவுளுக்கும் நடுவில் ஆள் இருந்தார். அந்த ஆளையே கணவனாகவும் ஏற்றாள்.

ஸோரா நீல் ஹர்ஸ்டன் பாப்டிஸ்ட் போதகரின் மகள், ஃப்ளோரிடாவின் ஈட்டன்வில் என்ற கறுப்பினத்தவரே நடத்திய ஊரில் வளர்ந்தவர், மானிடவியல் படித்தவர், ஆப்பிரிக்க வேர்கொண்ட வழிபாடுகளான நியூ ஆர்லியன்ஸின் ஹூடூ சடங்குகளையும் ஹைத்தியின் வோடூவையும் களத்தில் இறங்கி எழுதியவர். தனிப்பட்ட முறையில் தான் ஜெபிப்பதில்லை என்று தன்வரலாற்றில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் பிரசங்கத்தின் மொழியை அவர் அளவுக்குக் காதில் வாங்கியவர்கள் குறைவு. 1937-இல் வந்த ‘தேர் ஐஸ் வேர் வாட்சிங் காட்’ (‘அவர்கள் கண்கள் கடவுளைப் பார்த்துக்கொண்டிருந்தன’) நாவலில் அடிமையாக இருந்த பாட்டி பேத்தி ஜேனியிடம் சொல்கிறாள்: உயர்ந்த இடத்தில் உட்காரும் கறுப்புப் பெண்களைப் பற்றி ஒரு பெரிய பிரசங்கம் பண்ண ஆசைப்பட்டேன், எனக்குப் பிரசங்க பீடம் இல்லை. அந்த வசனத்தை உனக்காகச் சேர்த்துவைத்தேன் என்கிறாள். பாட்டியின் பிரசங்கமோ பேத்திக்குச் சுமையாகிறது. நிலமுள்ள ஒரு கிழவனுக்குக் கட்டிக்கொடுப்பதில்தான் அது போய் முடிகிறது. அன்பால் வந்தாலும் இன்னொருவர் எழுதிக்கொடுத்த வசனம் தன்னுடையது ஆகாது என்பதை ஜேனி மூன்று திருமணங்கள் கடந்து அறிகிறாள்.

நாவலின் தலைப்பு வரும் இடம் ஒரு புயல். 1928-இல் ஓக்கிசோபி ஏரியின் கரையை உடைத்த புயலை வைத்து எழுதியது. இருட்டில் குடிசைக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தக் கதவுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று வெள்ளைக்காரர்களைக் கேட்கும் நேரம் கடந்துவிட்டது, ஆறு கண்கள் கடவுளைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தன என்று எழுதுகிறார் ஹர்ஸ்டன். நான் சொல்லிவரும் விஷயம் இந்த ஒரு வாக்கியத்தில் முழுதாக இருக்கிறது. கடவுள் அங்கே ஆறுதல் தருகிறவரும் இல்லை, கேள்விக்குரியவர். கடைசியில் ஜேனி தோழியிடம் சொல்வது: எல்லாரும் தாங்களே செய்துகொள்ள வேண்டியவை இரண்டு. கடவுளிடம் தாங்களே போக வேண்டும், வாழ்க்கை என்னவென்று தாங்களே கண்டுபிடிக்க வேண்டும்.

ஆலிஸ் வாக்கரின் ‘த கலர் பர்ப்பிள்’ (1982) கடிதங்களாலான நாவல் என்பது தெரிந்ததே. கவனிக்காமல் விடப்படுவது அந்தக் கடிதங்கள் ஏன் கடவுளுக்கு எழுதப்படுகின்றன என்பது. முதல் வரியே மிரட்டல்: கடவுளைத் தவிர யாரிடமும் சொல்லாதே, சொன்னால் உன் அம்மா செத்துவிடுவாள். தந்தை ஸ்தானத்தில் இருப்பவன் பதினாலு வயது சீலியைச் சீரழித்துவிட்டுச் சொன்ன வார்த்தை அது. அப்படியானால் கடவுளிடம் பேசுவது அவளுக்குக் கிடைத்த உரிமையாகத் தொடங்கவில்லை. வாயை அடைக்கக் கொடுத்த தண்டனையாகத் தொடங்குகிறது. கடவுள் யாரிடமும் சொல்லமாட்டார் என்ற தைரியம் அவனுக்கு. சீலி அந்தத் தண்டனையைப் பிடித்துக்கொண்டே எழுதப் பழகுகிறாள். தன் உண்மையான அப்பா கொலைகாரக் கும்பலால் கொல்லப்பட்டவர் என்று தெரியவந்ததும் ஒரு கட்டத்தில் நிறுத்துகிறாள். நான் இனிமேல் கடவுளுக்கு எழுதுவதில்லை, உனக்கு எழுதுகிறேன் என்று தங்கை நெட்டிக்கு எழுதுகிறாள். நான் இத்தனை நாள் எழுதிக்கொண்டிருந்த கடவுள் ஓர் ஆண், எனக்குத் தெரிந்த மற்ற ஆண்களைப் போலவே நடந்துகொள்கிறவர் என்கிறாள்.

அப்போது பாடகி ஷுக் அவளோடு பேசும் பேச்சை அந்த நூற்றாண்டின் பல இறையியல் புத்தகங்களுக்கு மேலாக நான் மதிக்கிறேன். உன் கடவுள் எப்படி இருப்பார் என்று ஷுக் கேட்க, சீலி தயங்கித் தயங்கிச் சொல்கிறாள்: பெரிய ஆள், வயசானவர், நரைத்த தாடி, வெள்ளைக்காரர். ஷுக் சொல்கிறாள்: ஆலயத்தில் நான் கடவுளை உணர்ந்தபோதெல்லாம் அவரை நானே உள்ளே கொண்டுபோனேன், மற்றவர்களும் அப்படித்தான், கடவுளைப் பகிர்ந்துகொள்ள வருகிறார்கள், கண்டுபிடிக்க இல்லை. அந்தக் கிழ வெள்ளைக்காரரை விட்டு அவள் எடுத்துவைத்த முதல் அடி மரங்கள், அப்புறம் காற்று, பறவைகள், அப்புறம் மற்ற மனிதர்கள். வயலில் ஊதாப் பூ பூத்திருப்பதைப் பார்க்காமல் போனால் கடவுளுக்குக் கோபம் வரும் என்கிறாள். இதற்குப் பிறகுதான் சீலியால் கணவனை எதிர்த்து நிற்க முடிகிறது: நான் ஏழை, நான் கறுப்பு, அழகில்லாதவளாகவும் இருக்கலாம், ஆனால் இதோ இருக்கிறேன். நடுவில் நின்ற கடைசி ஆள் அவள் மனசுக்குள்ளேயே இருந்த அந்த வெள்ளைக்காரக் கடவுள். அவரை எழுப்பி அனுப்பிய பிறகு அவளுக்குத் தன் குரல் கிடைக்கிறது. கடைசிக் கடிதம் மறுபடி கடவுளுக்குத்தான். கூடவே நட்சத்திரங்களுக்கும், மரங்களுக்கும், வானத்துக்கும், மனிதர்களுக்கும்.

டோனி மாரிசனின் ‘பிலவ்ட்’ (1987) இன்னும் ஒரு படி இறங்கி உடலுக்கு வருகிறது. பேபி சக்ஸ் என்ற முதியவளை அவள் மகன் ஞாயிற்றுக்கிழமைகளிலும் உழைத்து விலைகொடுத்து விடுவிக்கிறான். அறுபது வயதைத் தாண்டிச் சுதந்திர மண்ணில் கால்வைத்ததும் அவளுக்கு முதலில் கண்ணில் படுவது தன் கைகள். இவை என் கைகள் என்று அவளுக்குத் தோன்றுகிறது. அடுத்து நெஞ்சில் ஒரு தட்டல். தன் இதயம் துடிப்பதை முதன்முறையாகக் கவனிக்கிறாள். எஜமான் இத்தனை காலம் ஜென்னி என்றே அழைத்துவந்தான், விற்பனைச் சீட்டில் அப்படித்தான் இருந்ததாம். அவளை வேறு யாரும் அப்படி அழைத்ததே இல்லை, அது தன் பெயரில்லை என்று அவளும் சொன்னதில்லை, ஏனென்றால் யாரும் கேட்டதில்லை.

இந்தப் பேபி சக்ஸ் ஒஹையோவில் காட்டுக்குள் ஒரு வெட்டவெளியில், ஒரு பாறைமேல் உட்கார்ந்து பிரசங்கிக்கிறாள். யாரும் அவளை நியமிக்கவில்லை, அங்கி இல்லை, அபிஷேகம் இல்லை. குழந்தைகளைச் சிரிக்கச் சொல்கிறாள், ஆண்களை ஆடச் சொல்கிறாள், பெண்களை அழச் சொல்கிறாள். உயிரோடிருப்பவர்களுக்காகவும் செத்தவர்களுக்காகவும் சும்மா அழுங்கள். பாவத்தை விடுங்கள் என்று சொல்லவில்லை, சாந்தகுணமுள்ளவர்கள் பூமியைச் சுதந்தரிப்பார்கள் என்றும் சொல்லவில்லை. உங்களால் கற்பனை செய்ய முடிந்த கிருபை மட்டுமே உங்களுக்குக் கிடைக்கும் என்கிறாள். பிறகு ஒவ்வோர் உறுப்பாகச் சொல்லிவருகிறாள்: அங்கே அவர்கள் உங்கள் சதையை நேசிப்பதில்லை, உங்கள் கைகளைக் கட்டுகிறார்கள், வெட்டுகிறார்கள். நீங்கள் நேசியுங்கள், கையைத் தூக்கி முத்தமிடுங்கள், கழுத்தைத் தடவுங்கள், ஈரலை நேசியுங்கள், எல்லாவற்றுக்கும் மேலாக இதயத்தை. அடிமைச் சந்தையில் பல்லையும் தோளையும் தொட்டுப் பார்த்து விலைபேசியவர்களின் பட்டியலை அப்படியே எடுத்து, அதை ஆசீர்வாதமாக ஓதுகிறாள் என்பது என் வாசிப்பு.

ஆனால் மாரிசன் இதோடு விடவில்லை. பிள்ளையை அடிமை முறைக்குத் திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் மருமகள் சேத்தே மகளைக் கொன்ற பிறகு (1856-இல் மார்கரெட் கார்னர் என்ற பெண்ணின் உண்மைச் சம்பவம் இதன் வேர்), பேபி சக்ஸ் பிரசங்கத்தை விட்டுப் படுத்துவிடுகிறாள். கிருபை என்று ஒன்றில்லை என்று சொல்லிவிட்டு நிறங்களைப் பற்றி யோசித்துக்கொண்டே இறக்கிறாள். பல ஆண்டுகள் கழித்து அந்த வீட்டை, கொலையுண்ட அந்த மகளின் பேயிடமிருந்து மீட்பது பாதிரியாரும் இல்லை, வசனமும் இல்லை. வாசலில் கூடிய முப்பது பெண்கள் எழுப்பும் ஒலி. ஆதியிலே வார்த்தை இருந்தது என்ற யோவானின் வரியைத் திருப்பிப் போட்டு, ஆதியில் ஒலி இருந்தது என்கிறார் மாரிசன். நாவலின் முடிவருகே, சேத்தேயோடு அதே பண்ணையில் அடிமையாக இருந்த பால் டி, நீதான் உன்னிடம் இருப்பதிலேயே மேலானது என்று சேத்தேயிடம் சொல்ல, அவள் “நானா? நானா?” என்று கேட்கிறாள். தன் பிள்ளைகளை மட்டுமே தன்னில் மேலானதாக நினைத்து வாழ்ந்தவளுக்கு அந்த ‘நான்’ கேள்விக்குறியோடுதான் வாய்க்கிறது.

இந்த எழுத்து மரபை ஒட்டியே ஓர் இறையியலும் பிறந்தது. கேட்டி கேனன், ஜாக்குலின் கிராண்ட், டெலோரஸ் வில்லியம்ஸ் ஆகியோர் வாக்கரிடமிருந்து எடுத்த பெயரில், கறுப்பினப் பெண்களின் அனுபவத்திலிருந்து கடவுளைப் பேசும் ‘வுமனிஸ்ட்’ இறையியலை உருவாக்கினார்கள். வில்லியம்ஸ் 1993-இல் எழுதிய நூல் ஆகாரைப் பற்றியது. எஜமானிக்குப் பதிலாகப் பிள்ளை பெறவைக்கப்பட்ட, வனாந்தரத்துக்கு விரட்டப்பட்ட எகிப்திய அடிமைப் பெண். மோசே இஸ்ரவேலரை விடுவித்ததுபோல அவளை யாரும் விடுவிக்கவில்லை; கடவுளே திரும்பிப் போ என்கிறார், பிறகு தண்ணீருள்ள கிணற்றைக் காட்டுகிறார். விடுதலை தரும் கடவுளைப் பற்றியே பேசிய கறுப்பின ஆண் இறையியலாளர்களுக்கு, பிழைத்திருக்க வழி காட்டும் கடவுளையும் கணக்கில் எடுங்கள் என்றார் வில்லியம்ஸ். துன்பத்தையே புனிதமாக்கும் சிலுவை விளக்கம், காலமெல்லாம் பிறருக்காகச் சுமந்த பெண்ணின் முதுகில் இன்னொரு சுமை என்றும் சொன்னார். அதே ஆகார்தான் தன்னோடு பேசிய கர்த்தருக்கு ‘நீர் என்னைக் காண்கிற தேவன்’ என்று பேரிட்டவள். வேதாகமத்தில் கடவுளுக்கே பெயர் வைத்தவள் ஓர் அடிமைப் பெண்.

எல்லாரும் கிறிஸ்தவத்துக்குள்ளேயே நின்றார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கவிஞர் சோனியா சான்செஸ் 1970-களில் சில ஆண்டுகள் நேஷன் ஆஃப் இஸ்லாம் என்ற கறுப்பின முஸ்லிம் இயக்கத்தில் இருந்து, பெண்களுக்கு அங்கிருந்த இடம் பொறுக்காமல் வெளியேறினார். நாவலாசிரியை பால் மார்ஷல் கரீபியத் தீவுகளின் முன்னோர் சடங்கிடம் போனார். ஆக்டேவியா பட்லரின் 1993 நாவலில் பாப்டிஸ்ட் போதகரின் மகள் ‘கடவுள் என்பது மாற்றம்’ என்று தானே ஒரு வேதத்தை எழுதத் தொடங்குகிறாள். என்டோசாகே ஷாங்கேயின் 1976 நாடகக் கவிதையில் பெண்கள், கடவுளை எனக்குள் கண்டேன், அவளை வெறியோடு நேசித்தேன் என்று முடிக்கிறார்கள்.

படிக்கத் தொடங்குவதானால் ‘த கலர் பர்ப்பிள்’ முதலில், அதன் பிறகு ‘பிலவ்ட்’. மாரிசனின் மொழி முதலில் மிரட்டும். வெட்டவெளிப் பிரசங்கத்தை மட்டும் வாய்விட்டுப் படியுங்கள், பிடிபட்டுவிடும். இரண்டுக்கும் நடுவில் ஜேக்கப்ஸை வையுங்கள், இல்லையென்றால் நாவல்களின் கொடுமைகள் கற்பனை போலத் தோன்றும். ஜரீனா லீயின் 1836 நூல் மிகச் சிறியது, காப்புரிமை முடிந்துவிட்டதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.